பையைச் சுற்றிப் படரும் நீலம்

அடையாறு புற்றுநோய் நிலையத்திலோ வேறெங்கோ மலக்குடல் புற்றுக்கு அறுவை செய்து, வயிற்றில் துளை வைத்துப் பை மாட்டிக்கொண்டவர்கள் தியாகராய நகர் நெரிசலில் நம் பக்கத்திலேயே நடக்கிறார்கள். ஸ்டோமா என்கிற அந்தத் துளையைத் துடைக்கும்போது ஒரு சொட்டு ரத்தம் கசிவது சகஜம். லேசாக அழுத்தினால் நின்றுவிடும். பயப்பட வேண்டிய ரத்தம் வேறு.

குடலின் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த வழிதான். சிரோசிஸ் வந்து ஈரல் இறுகினாலோ, புற்று அங்கே பரவினாலோ பாதை அடைபடும். உஸ்மான் சாலை ஸ்தம்பித்தால் வண்டிகள் சந்துகளில் புகுவதைப் போல, ரத்தமும் பக்கவழி தேடும். பலருக்கு உணவுக்குழாயின் அடியில் நாளங்கள் புடைக்கும். ஸ்டோமா உள்ளவருக்கு இன்னொரு வழியும் உண்டு. குடலையும் தோலையும் சேர்த்துத் தைத்த விளிம்பில் இரண்டின் சிரைகளும் இணைந்துவிடுகின்றன. அடைபட்ட ரத்தம் அந்த வழியே பாய, அங்கும் நாளங்கள் புடைக்கும்.

பையைக் கழற்றி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நாளங்கள் புடைத்திருந்தால், துளையைச் சுற்றி வட்டமாக நீலமோ ஊதாவோ படர்ந்திருக்கும். விரலால் அழுத்தினால் வெளிறி, எடுத்ததும் நிறம் திரும்பும். நம் மாநிறத்தில் ஊதா எடுப்பாகத் தெரியாது, வெறும் கருமையாகப் படும். அதனால் பசை ஒவ்வாமை என்று நினைத்துக் களிம்பு பூசிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வாமையில் அரிப்பும் எரிச்சலும் இருக்கும். இதில் பெரும்பாலும் வலிகூட இராது. மருத்துவர்களும் ஏமாறுவதுண்டு. பையில் ரத்தம் என்றதும் குடலுக்குள் எண்டோஸ்கோப் விட்டுத் தேடுவார்கள். கசிவோ வெளி விளிம்பில் இருக்கும்.

சென்னைப் புழுக்கத்தில் பசை விட்டுப்போய், பையை அடிக்கடி மாற்ற நேர்கிறது. வெடுக்கென்று உரித்தால் புடைத்த நாளம் கிழியும். ஈரத் துணியால் நனைத்து மெல்ல எடுக்க வேண்டும். பெல்ட்டோ பாவாடை நாடாவோ அங்கே உரசக் கூடாது.

ரத்தம் பீறிட்டால் பையைக் கழற்றிவிட்டு நோயாளியைப் படுக்கவையுங்கள். சுத்தமான துணியை ரத்தம் வரும் இடத்திலேயே வைத்து, கையை எடுக்காமல் அழுத்தியபடி 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். மேலே புதுப் பை மாட்டி மூடிவிட்டால் கசியும் இடத்தை அழுத்தவும் முடியாது.

மருத்துவமனையில் தையல் போட்டு நிறுத்துவார்கள். ஆனால் ஈரலின் அழுத்தம் குறையாதவரை ரத்தம் திரும்பவும் வரலாம். ஆகவே குடல் அறுவை செய்த மருத்துவரோடு, கல்லீரல் மருத்துவரும் பார்க்க வேண்டும். அழுத்தம் குறைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. கழுத்துச் சிரை வழியே போய் ஈரலுக்குள் ஸ்டென்ட் வைத்துப் புதுப்பாதை திறக்கும் ‘டிப்ஸ்’ சிகிச்சையும் உண்டு. ஈரல் முற்றிலும் கெட்டவர்களுக்குக் கல்லீரல் மாற்று. அது அரசு ஸ்டான்லி மருத்துவமனையிலும் செய்யப்படுகிறது.