‘கவுண்ட்’ என்றால் எண்ணுவது மட்டும்தானா?

இன்றைய சுபாங் ஜெயாவின் பெரும்பகுதி ஒரு காலத்தில் சீஃபீல்டு தோட்டம். தோட்டத்து மக்களுக்கு எண்ணிக்கை என்றால் காலைப் பெரட்டில் ஆள் எண்ணுவதும் கிராணியின் செக்ரோலும்தான். தோட்டம் நகரமாகிவிட்டது. இப்போது காதில் அடிக்கடி விழும் சொல் ‘கவுண்ட்’. அது எண்ணுவதோடு நிற்பதில்லை.

‘கவுண்ட் ஆன் மீ’ என்றால் என்னை நம்பலாம். ‘கவுண்ட் மீ இன்’ என்றால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விளையாட்டில் பிள்ளை ‘தட் டஸின்ட் கவுண்ட்’ என்று கத்தினால், அது நம்முடைய ‘சேர்த்தி இல்லை’. நமக்கும் இது புதிதல்ல. தமிழில் ‘எண்ணுவது’ கணக்கிடுவதும்தான், நினைப்பதும்தான்.

இவற்றில் தவறினால் சிரித்துவிட்டுப் போகலாம். மருத்துவமனையில் அப்படியல்ல.

சிலாங்கூரில் டிங்கி காய்ச்சல் வராத குடியிருப்பு குறைவு. ‘பிளேட்லெட் கவுண்ட் 90’ என்று சொன்னால் அது தொண்ணூறு அல்ல, தொண்ணூறாயிரம். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் உள்ள தட்டணுக்களின் எண்ணிக்கையை ஆயிரங்களில் சுருக்கிச் சொல்கிறார்கள். வழக்கமான அளவு சுமார் 150 முதல் 400 வரை. எனவே ‘வெறும் தொண்ணூறா!’ என்று அலறவும் வேண்டாம். பரீட்சை மார்க்கைப் போல ‘தொண்ணூறு நல்லதுதானே’ என்று வீட்டுக்குக் கிளம்பவும் வேண்டாம். நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று கேளுங்கள். இறங்கும் வேகம் முக்கியம்.

அந்த எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதும் போதாது. டிங்கியில் காய்ச்சல் விடும் நேரமே ஆபத்தான நேரம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், எழ முடியாத சோர்வு இருந்தால், கவுண்ட் எவ்வளவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நீதிமன்றத்தில் இதே சொல்லுக்கு வேறு பொருள். ‘த்ரீ கவுண்ட்ஸ் ஆஃப் சீட்டிங்’ என்றால் மூன்று முறை பிடிபட்டார் என்பதல்ல. மோசடி தொடர்பாக மூன்று தனித்தனிக் குற்றச்சாட்டுகள். ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பதில் சொல்ல வேண்டும், தண்டனையும் தனித்தனியே வரலாம். ஒன்றை ஒப்புக்கொள்வதாக நினைத்து மூன்றுக்கும் தலையாட்டினால் சிக்கல். குற்றச்சாட்டு புரியாவிட்டால், ஒப்புக்கொள்ளும் முன்பே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நீதிமன்றத்தில் கேட்கலாம்.