பிணை நிற்பவர் யார்? இளைஞர் நீதிக் குழுமமும் திருச்சபையின் வழித்துணை ஊழியமும்

வட சென்னையில் ஊழியஞ்செய்யும் ஆயர்களுக்கு இது புதிய காட்சியன்று. இரவு வெகுநேரங்கழித்து ஆயர் மனையின் கதவு தட்டப்படுகிறது. வெளியே ஒரு தாய் நிற்கிறாள். "ஐயா, பையனைப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க" என்கிறாள். பையனுக்கு வயது பதினாறு. கைப்பேசி பறித்த வழக்கு என்கிறார்கள்; உடன் பிடிபட்ட இருவரும் அவனுக்கு மூத்தவர்கள். ஆயர் ஜெபிக்கிறார், தமக்குத் தெரிந்த வழக்கறிஞரிடம் பேசுகிறார், மறுநாள் சபையின் தாளில் ஒரு நற்சான்றுக் கடிதம் எழுதித் தருகிறார். பெரும்பாலும் அத்துடன் நம் பங்கு முடிந்துவிடுகிறது. ஆனால் நம் நாட்டுச் சட்டம் இதற்கப்பாலும் ஓர் இடத்தைத் திறந்து வைத்திருக்கிறது. அவ்விடம் யாது, அதில் நிற்பதற்குத் திருச்சபை அரசுடன் ஒப்பந்தம் செய்துகொள்ளலாமா, செய்தால் எவ்வெவற்றில் எச்சரிக்கை வேண்டும் என்பவற்றை இங்கு ஆராய விழைகிறோம்.

கொடுங்கையூரை எடுத்துக்கொள்வோம். நகரின் வடபகுதிக் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொட்டப்பட்டு வந்த சுமார் 250 ஏக்கர்க் கிடங்கு அங்கேதான் இருக்கிறது. கழிவுநீர் நிலையமும் அங்கேதான். சற்று வடக்கே மணலியின் ஆலைகள். கிழக்கே துறைமுகமும் அதற்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளும். நகரின் பிற பகுதிகளிலிருந்து பெயர்த்துக் குடியேற்றப்பட்டோரும், குப்பை பொறுக்கியும் சுமை தூக்கியும் பிழைப்போரும் இப்பகுதியில் மிகுதி. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட சிறுவனுக்கு வேலை கொடுப்போர் பலர் உளர். அவ்வேலைகளுள் சில சட்டத்துக்குப் புறம்பானவை. வயதில் மூத்தவர்கள் இளையவனை முன்னே அனுப்புவதற்குக் காரணமுண்டு: பிடிபட்டாலும் அவனுக்குத் தண்டனை குறைவு என்று அவர்கள் கணக்கிடுகிறார்கள். இவ்வாறு எழுதுவதால் இப்பகுதி இளைஞரெல்லாரும் இத்தன்மையர் என்று எவரும் எண்ணலாகாது. திரைப்படங்கள் அந்தத் தீங்கைப் போதுமான அளவு செய்துவிட்டன. வியாசர்பாடியின் கால்பந்து மைதானங்களையும், தெருமுனைக் கேரம் மன்றங்களையும், குத்துச்சண்டைக் கூடங்களையும் பார்த்தவர்கள் வேறு சாட்சி சொல்லுவார்கள்.

இனி அந்தப் பையனுக்கு என்ன நேரிடுகிறது? 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையிலுள்ள 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி பதினெட்டு வயது நிரம்பாதவனைக் காவல் நிலையச் சிறையறையில் அடைத்தலாகாது. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். சென்னைக் குழுமம் கெல்லீஸில் அமர்கிறது. ஒரு நடுவரும், ஒருவரேனும் பெண்ணாயிருக்க வேண்டிய இரு சமூகப் பணியாளரும் அதன் உறுப்பினர். உடன் பிடிபட்ட மூத்தவர்களின் வழக்கோடு இவன் வழக்கைச் சேர்த்து விசாரிக்கக் கூடாது. நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரங்களுக்குள் அவன் வீடு, பள்ளி, நட்பு, நோய், பழக்கம் ஆகியவற்றை விசாரித்துச் சமூகப் புலனாய்வு அறிக்கை அளிக்க வேண்டும். ஜாமீனில் விடுதலையே பொதுவிதி. கூர்நோக்கு இல்லத்தில் வைப்பது விலக்கு. இல்லத்தில் வைப்பது கடைசி வழியாயிருக்க வேண்டும் என்பதைச் சட்டம் தன் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்றாகவே கூறுகிறது. அது வெறும் ஏட்டுக் கோட்பாடன்று என்பதைச் செங்கற்பட்டு நிகழ்ச்சி நமக்கு உணர்த்தியது. 2022 டிசம்பர் இறுதியில் அங்குள்ள அரசு இல்லத்தில் திருட்டுக் குற்றச்சாட்டின்பேரில் வைக்கப்பட்ட பதினேழு வயதுச் சிறுவன் இறந்தான். இல்லப் பணியாளர்கள் கைதாயினர். அதன்பின் இவ்வில்லங்களை ஆராய நீதியரசர் கே. சந்துரு நியமிக்கப்பட்டு, 2023இல் தம் அறிக்கையை அரசுக்கு அளித்தார்.

குற்றம் செய்தான் எனக் கண்டபின் குழுமம் இடக்கூடிய ஆணைகளைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. அறிவுரை கூறி வீட்டுக்கு அனுப்பலாம், ஆற்றுப்படுத்தலுக்கு அனுப்பலாம், ஒரு நிறுவனத்தின் மேற்பார்வையில் சமுதாயப் பணி செய்விக்கலாம், நன்னடத்தையின்பேரில் விடுவித்து, பெற்றோரிடமோ 'தகுதியுள்ள நபர்' ஒருவரிடமோ மூன்றாண்டுக்கு மேற்படாத காலத்துக்கு ஒப்படைக்கலாம், இவ்வாறே தகுதியுள்ள ஓர் அமைப்பின் பொறுப்பிலும் விடலாம். சிறப்பு இல்லம் இவ்வரிசையின் கடைசியிலேயே வருகிறது. தகுதியுள்ள நபரென்று ஏற்கப்படுவதற்கு வழக்கறிஞராகவோ அதிகாரியாகவோ இருக்க வேண்டியதில்லை. அவருடைய நற்சான்றுகளைச் சரிபார்த்துக் குழுமம் அவரை ஏற்கும். அவர் முறி எழுதிக் கொடுத்துப் பையனுடைய நன்னடத்தைக்கும் நலத்துக்கும் பொறுப்பேற்கிறார். நாம் முன்பு குறிப்பிட்ட இடம் இதுவே. இதில் நின்று, வாரந்தோறும் பையனைச் சந்தித்து, அவனோடு நடப்பவரை நாம் வழித்துணைவர் என்று அழைக்கலாம்.

இவ்வூழியம் திருச்சபைக்கு அந்நியமானதன்று. உண்மையில் இது திருச்சபையின் வாசலிலிருந்தே புறப்பட்டது. பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்னும் காலணி செய்வோர் 1841இல் ஒரு குடிகாரனுக்காக நீதிமன்றத்தில் பிணை நின்றார். பின்னர்ச் சிறுவர்கள் பலருக்கும் நின்றார். இங்கிலாந்துத் திருச்சபையின் மதுவிலக்குச் சங்கம் 1876இல் லண்டன் காவல் நீதிமன்றங்களுக்கு மிஷனெரிகளை அனுப்பத் தொடங்கியது. 1907இல் அந்நாட்டில் நன்னடத்தைச் சட்டம் வந்தபோது, அம்மிஷனெரிகள் செய்துவந்த பணியே அரசுப் பணிக்கு வித்தாயிற்று. நியூயார்க் சிறுவர் நீதிமன்றத்தில் எழுத்தராயிருந்த எர்னஸ்ட் கூல்ட்டர் 1904இல் ஒரு பிரஸ்பிட்டேரியன் சபையின் ஆண்கள் சங்கத்தில் பேசி, ஆளுக்கொரு சிறுவனை நண்பனாக ஏற்கும்படி வேண்டினார். ஏறத்தாழ நாற்பது பேர் முன்வந்தனர். 'மூத்த சகோதரர்' இயக்கம் அவ்வாறு பிறந்தது. நம் மாகாணமும் பின்தங்கியிருக்கவில்லை: 1920ஆம் ஆண்டு சென்னைச் சிறுவர் சட்டமே இந்தியாவில் இவ்வகையில் முதலாவது. அலுவலர்கள் வந்ததும் நாம் நம் கடமை நீங்கியதென்று விலகிக்கொண்டோம் என்பதே எம் கருத்து.

ஆயினும் நல்ல நோக்கம் மட்டும் போதும் என்று கருதுவோர் ஒரு வரலாற்றைக் கட்டாயம் அறிய வேண்டும். மருத்துவர் ரிச்சர்ட் கேபட்டின் பெயரை இறையியல் மாணவர் மருத்துவமனை ஆயர்ப் பயிற்சியின் வாயிலாக அறிவர். ஆண்டன் பாய்சனுக்கு 1925இல் துணைநின்று அப்பயிற்சிக்கு வழிவகுத்தவர் அவரே. அவர் வகுத்த திட்டமொன்று மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ், சாமர்வில் ஆகிய ஊர்களில் 1939இல் அவர் மறைந்த ஆண்டில் தொடங்கிற்று. 506 சிறுவர்கள் ஒத்த இணைகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பாதியினருக்கு ஆலோசகர் வாய்த்தார். மறுபாதியினர் இருந்தபடியே விடப்பட்டனர். ஆலோசகர்கள் சராசரியாக ஐந்தாண்டுக்கு மேல் வீடு தேடிச் சென்றனர். பாடத்துக்கும் மருத்துவத்துக்கும் உதவினர். கோடை முகாம்களுக்கு அனுப்பினர். முப்பதாண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிக் கண்டு 1978இல் தம் முடிவுகளை வெளியிட்டார். உதவி பெற்றவர்களுள் பெரும்பாலோர் அதனை நன்றியோடு நினைவுகூர்ந்தனர். ஆனால் மீண்டும் குற்றம் செய்தல், குடி, மனநோய், இளமையிற் சாவு முதலியவற்றில் அவர்களே மற்றவரிலும் மோசமான நிலையில் இருந்தனர்! காரணம் இன்றும் ஆராயப்படுகிறது. திரும்பத் திரும்ப முகாம்களுக்கு அனுப்பப்பட்டோரிடம் தீங்கு மிகுந்திருந்தது என்று பின்னர்க் கண்டனர். வழிதவறிய பையன்கள் ஒருங்கு கூடியபோது ஒருவர்க்கொருவர் ஆசிரியராயினர் என்பது ஒரு விளக்கம். நம் சபைகள் எதற்கும் ஒரு முகாம் ஏற்பாடு செய்துவிடும் வழக்கமுடையவை. இவ்வூழியத்தில் அவ்வழக்கத்தை விட்டுவிடுவது நலம்.

இதன் மறுபக்கமும் உண்டு. 'மூத்த சகோதரர்' இயக்கத்தைப் பற்றி 1995இல் வெளியான ஆய்வில், வழித்துணைவரைப் பெற்ற சிறார் போதைப் பழக்கத்தைத் தொடங்குவது 46 விழுக்காடு குறைந்திருந்தது. அதே புள்ளிவிவரங்களை 2002இல் மறுபடி ஆராய்ந்தவர்கள், நட்பு ஓராண்டுக்கு மேல் நிலைத்த இடங்களிலேயே நன்மை மிகுந்தது எனவும், மூன்று மாதத்துக்குள் முறிந்த இடங்களில் சிறுவனுடைய தன்மதிப்பு முன்னிலும் தாழ்ந்தது எனவும் கண்டனர். ஏற்கெனவே தகப்பனால் கைவிடப்பட்டவனை இன்னொருவர் கைவிடுகிறார், அவ்வளவே. நியூயார்க் நகரின் நன்னடத்தைத் துறை 2012இல் தொடங்கிய 'ஆர்ச்சஸ்' திட்டம் ஒப்பந்த முறையில் அமைந்தது: அந்தந்த வட்டாரத்துச் சிறு அமைப்புகளோடு துறை ஒப்பந்தம் செய்கிறது, அவை அவ்வட்டாரத்திலேயே வாழ்ந்து, பலர் தாமே சிறை கண்டு திரும்பியவர்களைச் சம்பளத்துக்கு வழித்துணைவராக அமர்த்துகின்றன. 2018ஆம் ஆண்டு ஆய்வு, இதில் சேர்ந்தோர் ஓராண்டுக்குள் கடுங்குற்றத்துக்காக மீண்டும் தண்டிக்கப்படுவது மூன்றில் இரு பங்குக்கு மேல் குறைந்திருந்ததாகக் கூறிற்று. நம் சபை மூப்பருள் எவரும் கொடுங்கையூர்ப் பையனுக்கு அத்தகையவர் அல்லர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கேயே ஆட்டோ ஓட்டுபவரும், முன்பு கெல்லீஸ் சென்று மீண்டு இன்று குடும்பம் நடத்துபவருமே அவனுக்கு அண்ணனாகக்கூடும்.

ஒப்பந்தத்துக்கு வருவோம். நம் மாநிலத்தில் முன்பு சமூகப் பாதுகாப்புத் துறை எனப்பட்ட அரசுத் துறையும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் இப்பணிக்குப் பொறுப்பானவை. அலகுகளில் பணிபுரியும் நன்னடத்தை அலுவலரே ஒப்பந்தப் பணியாளர்தாம். ஆகவே இவ்வேற்பாட்டின் இன்னலை அவர்களே நன்கறிவர். பதிவுபெற்ற நம் நிறுவனம் ஒன்று இதில் இறங்குமாயின் முதலில் காலத்தைப் பார்க்க வேண்டும். ஓராண்டுக்குக் குறைந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதிருப்பதே மேல். முன்னே கூறிய ஆய்வு அதற்குச் சான்று. அடுத்து, பணம் எக்கணக்கில் வருகிறது என்பது. பையன்களின் தலையெண்ணிப் பணம் வருமாயின் அவர்களை விடாது வைத்திருக்க மனம் வரும். வெற்றியை எண்ணிப் பணம் வருமாயின் எளிதில் திருந்தக்கூடியவனை மட்டும் தெரிந்துகொண்டு, போதையில் அமிழ்ந்தவனைத் தள்ளிவிட மனம் வரும். ஒருங்கிணைப்பாளரின் ஊதியத்துக்கும், வழித்துணைவரின் பேருந்துக் கட்டணத்துக்கும் தேநீர்ச் செலவுக்கும் நேரடியாகப் பணம் பெறுவதே நேர்மையான வழி என எண்ணுகிறோம்.

இவற்றினும் கடினமானது வாயைப் பற்றியது. பையன் வழித்துணைவரிடம் ஒன்றைச் சொல்லுகிறான். அதைக் குழுமத்துக்கு எழுத வேண்டுமா? எல்லாவற்றையும் எழுதினால் அவர் ஒற்றராவார். ஒன்றையும் எழுதாவிட்டால் பிணை பொய்யாகும். வருகை, படிப்பு, வேலை ஆகியவற்றை மட்டும் எழுதுவதென்றும், பிறர் உயிருக்கு ஆபத்து நேரும் செய்தியை மறைப்பதில்லையென்றும் முதல் நாளிலேயே பையனிடமும் தாயிடமும் சொல்லிவிட வேண்டும். சிறார்மீதான பாலியல் குற்றத்தை அறிந்தும் அறிவியாதிருத்தல் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். குருவானவருக்கும் இதில் விலக்கில்லை. அப்படியே பையனுடைய பெயரோ படமோ வெளிவருதல் 74ஆம் பிரிவின்படி குற்றம். சபைப் பத்திரிகையில் சாட்சி எழுதுவதும், ஞாயிறு ஆராதனையில் அவனை முன்னே நிறுத்தி ஸ்தோத்திரம் சொல்லுவதும் எவ்வளவு அன்போடு செய்யப்பட்டாலும் செய்யத்தகாதவை. சட்டம் அவனுக்குப் புதுத் தொடக்கம் அளித்து, பழைய பதிவின் தகுதியிழப்பையும் பெரும்பாலும் நீக்கிவிடுகையில், நாம் அப்பதிவை ஒலிபெருக்கியில் வாசிக்கலாகாது.

சுவிசேஷம் சொல்லலாமா என்று மாணவர் கேட்பர். நீதிமன்ற ஆணையின்பேரில் நம்மிடம் வருபவன் எழுந்துபோகும் சுதந்திரமில்லாதவன். அவனிடம் பிரசங்கிப்பது அறிவிப்பு ஆகாது, வற்புறுத்தல் ஆகும். அவனாகக் கேட்டால் மறுமொழி சொல்லலாம். கேளாதவரையில் வழித்துணைவர் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பதே போதிய சாட்சி.

திருமறையில் பிணை பற்றிய இரு குரல்களை நாம் கேட்கிறோம். பிறனுக்காகப் பிணைப்பட்டவன் கண்ணியில் அகப்பட்டவன் என்று நீதிமொழிகள் எச்சரிக்கிறது. வேடனுக்குத் தப்பும் மானைப்போல் தப்பிக்கொள் என்கிறது. இது ஞானமே, கடன்பட்டோர் பலரைக் கண்டறிந்த ஞானம். மறுபுறம், தன் தம்பியைத் தகப்பனுடைய கையில் திரும்ப ஒப்புவிப்பேன் என்று பென்யமீனுக்காகப் பிணை நின்ற யூதாவைக் காண்கிறோம். பையில் வெள்ளிப் பாத்திரம் அகப்பட்டபோது, பென்யமீன் குற்றவாளியா அல்லவா என்று யூதா விசாரிக்கவில்லை. அவனுக்குப் பதில் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளும்படி மன்றாடினான். இதே யூதா முன்பு வேறொரு தம்பியை விற்க யோசனை சொன்னவன் என்பதை மறத்தலாகாது. ஒநேசிமுவின் கடனைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்ன பவுலும் ஒரு காலத்தில் பிறரைச் சிறைக்கு இழுத்துச் சென்றவனே. பிணை நிற்பவர் கறையற்றவராயிருக்க வேண்டும் என்று நம் சபைச் சங்கங்கள் விதிக்கும் விதி திருமறையிலிருந்து வந்ததன்று.

பெரிய ஒப்பந்தம் எதற்கும் முன்னர் ஒரு சபை செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்றுண்டு. குழுமத்தின் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அத்தாய் ஒரு நாள் கூலியை இழந்து கெல்லீஸுக்குச் செல்லுகிறாள். எந்த அறையில், எப்பொழுது அழைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாது. எழுத்தர் கேட்கும் பள்ளிச் சான்றும் ஆதார் அட்டை நகலும் அவள் பையில் இரா. சபையில் ஓய்வுபெற்ற தபால் ஊழியரோ ஆசிரியையோ இருப்பர். அவர்களுள் ஒருவர் அந்நாள்களில் அவளோடு அந்த விசிப்பலகையில் உட்கார்ந்திருக்கலாம். நான்கு மாதத்தில் விசாரணை முடிய வேண்டுமென்பது விதி. நீட்டித்தாலும் இன்னும் இரு மாதம். வாய்தா எத்தனையாவது, எதற்காகத் தள்ளிப்போயிற்று என்பதை அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதிவரட்டும்.