அம்பத்தூரிலிருந்து டால்பின் ஆய்வுக்குப் போக முடியுமா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஏரிக்குப் பஞ்சமில்லை. கடல்தான் தூரம். இந்தப் பகுதியில் விலங்கியல் படிக்கிற மாணவி ஒருவர், "டால்பின் ஆராய்ச்சியில தன்னார்வலரா சேரப் போறேன்" என்று வீட்டில் சொன்னால் முதலில் வரும் கேள்வி, "சம்பளம் எவ்ளோ?" அடுத்தது, "உனக்கு நீச்சலே தெரியாதே!" இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். நீச்சலுக்குப் பதில் சொல்லிவிடலாம். சம்பளத்துக்குத்தான் கஷ்டம்.

டால்பினோடு நீந்துவதா வேலை?

இல்லை. கள உதவியாளர் தண்ணீரில் இறங்குவதே அபூர்வம். ஆனால் படகில் போகிறவருக்கு நீச்சல் தெரிந்திருப்பது நல்லது. லைஃப் ஜாக்கெட் கட்டாயம். இந்தியாவில் டால்பின்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. தொடுவது, துரத்துவது, செல்ஃபி எடுக்க நெருங்குவது எல்லாம் ஆய்வு அல்ல.

வேலை என்பது பார்ப்பதும் எழுதுவதும். படகின் ஒரு பக்கம் உங்களுக்கு, மறுபக்கம் இன்னொருவருக்கு. கண் சோர்ந்துவிடும் என்பதால் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை இடம் மாறுவார்கள். டால்பின் தெரிந்தால் நேரம், ஜி.பி.எஸ். புள்ளி, எவ்வளவு தூரத்தில், எத்தனை, குட்டி உண்டா, பக்கத்தில் மீன்பிடிப் படகு உண்டா என எல்லாவற்றையும் தாளில் குறிக்க வேண்டும். தெரியாவிட்டாலும் குறிக்க வேண்டும்! எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் தேடியும் ஒன்றும் வரவில்லை என்பதும் தரவுதான். கடல் எப்படி இருந்தது என்பதும் முக்கியம். அலை நுனியில் வெள்ளை நுரை தெரியத் தொடங்கினால் முதுகுத் துடுப்பு எது, நுரை எது என்று பிரிப்பது சிரமம். அன்றைக்குப் பல குழுக்கள் கரைக்குத் திரும்பிவிடும்.

"மூணு பாத்தேன், அஞ்சா இருக்கும்" என்று கூட்டிச் சொல்வதுதான் இந்த வேலையில் பெரிய பாவம். ஆர்வம் அதிகமான புதியவர்கள்தான் இதைச் செய்வார்கள்.

எண்ணுவதில் என்ன கஷ்டம்?

கங்கை டால்பினை எடுத்துக்கொள்வோம். 2009இல் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவிக்கப்பட்டது. ஏறக்குறையப் பார்வையே இல்லாத அது, ஒலியை அனுப்பி எதிரொலி கேட்டு இரை தேடும். கலங்கல் நீரில் இருக்கும். மூச்சுவிட ஓரிரு நொடி மேலே வந்து மறைந்துவிடும். நீங்கள் தும்மிய நேரத்தில் ஒன்று தப்பிப் போயிருக்கலாம். அதனால் ஆற்று டால்பின்களைக் கணக்கெடுக்கும்போது இரண்டு குழுக்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளாமல் தனித்தனியாக எண்ணுகின்றன. ஒரு குழு பார்த்ததில் மற்றது எத்தனையைத் தவறவிட்டது என்று ஒப்பிட்டு, இரண்டு பேர் கண்ணுக்கும் படாதவை எத்தனை இருக்கும் என மதிப்பிடுகிறார்கள். இதில் ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதினால் மொத்தக் கணக்கும் போச்சு.

இந்தியாவின் முதல் விரிவான ஆற்று டால்பின் கணக்கெடுப்பு அறிக்கை 2025 மார்ச்சில் வெளியானது. 8 மாநிலங்கள், 28 ஆறுகள், 8,500 கிலோமீட்டருக்கு மேல். கிடைத்த மதிப்பீடு 6,327. அதில் பஞ்சாபின் பியாஸ் ஆற்றில் உள்ள சிந்து டால்பின்கள் வெறும் 3. அந்த மூன்றை ஒருவர் உற்சாகத்தில் ஐந்தாக எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கடலில் வேறு வழியும் உண்டு. டால்பினின் முதுகுத் துடுப்பில் உள்ள வெட்டு, தழும்பு ஆகியவை நம் கைரேகை மாதிரி. படம் எடுத்து, பழைய படங்களோடு ஒப்பிட்டு, 'இது அதேதான்' என்று அடையாளம் காண்பார்கள். பகலில் படகு என்றால் மாலையில் ஆயிரக்கணக்கான படங்களைப் பிரிக்கும் வேலை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள சரசோட்டாவில் 1970இல் தொடங்கிய ஆய்வு இப்படித்தான் இன்றுவரை நடக்கிறது. காட்டு டால்பின்கள் குறித்து உலகில் நீண்ட காலம் நடக்கும் ஆய்வு அது. அதை வழிநடத்திய ராண்டால் வெல்ஸ், தொடக்கத்தில் அங்கே வந்து சேர்ந்த பள்ளி மாணவத் தன்னார்வலர்.

தமிழ்நாட்டில் வாய்ப்பு உண்டா?

1,076 கி.மீ. கடற்கரை நமக்கு. மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் டால்பினை மீனவர்கள் 'ஓங்கில்', 'ஓங்கல்' என்பார்கள். பாக் விரிகுடாவில் கடல்பசுவுக்காக (அங்கே அதன் பெயர் ஆவுளியா) 2022இல் 448 சதுர கி.மீ. பரப்பில் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது. இந்த ஆய்வுகளில் பாதி வேலை கரையில்தான். எந்த வலையில் சிக்கியது, எந்த மாதம் அதிகம் தெரிகிறது என்று மீனவர்களிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவரைவிட, தமிழில் பொறுமையாகப் பேசத் தெரிந்தவர் இங்கே அதிகம் பயன்படுவார். மேற்குப் புறநகர் பிள்ளைகள் இதைக் குறைவாக மதிப்பிட வேண்டாம்.

இனி சம்பளம். வெளிநாட்டில் பல திட்டங்களில் சேர்வதற்குத் தன்னார்வலரே கட்டணம் கட்ட வேண்டும். விமானச் செலவு தனி. தொழிற்பேட்டைச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு அது கனவிலும் ஆகாது. மாதக்கணக்கில் இலவசமாக உழைக்க முடிந்தவர்களே விஞ்ஞானியாகலாம் என்றால், வசதியில்லாதவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். இந்தத் துறையின் பெரிய குறை இது. ஆகவே டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை தங்கள் இணையதளங்களில் வெளியிடும் ஊதியத்தோடு கூடிய திட்ட உதவியாளர் பணி அறிவிப்புகளைக் கவனிப்பது நல்லது. தன்னார்வப் பணியென்றால் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்: வனத்துறை அனுமதி யார் பெயரில் இருக்கிறது? சாப்பாடு, தங்குமிடம் தருவார்களா? விபத்துக் காப்பீடு உண்டா? எடுத்த தரவு எங்கே போகும்? பதில் மழுப்பலாக வந்தால் அது ஆய்வு அல்ல, சுற்றுலா.

எங்கே பழகுவது?

வீட்டுப் பக்கத்திலேயே. ஆவடி பருத்திப்பட்டு ஏரியிலோ செம்பரம்பாக்கத்திலோ ஜனவரியில் அரை மணி நேரம் நின்று கூழைக்கடா, நீர்க்காகம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நண்பரையும் தனியாக எண்ணச் சொல்லுங்கள். இரண்டு எண்ணும் ஒத்துவராது. பாடம் அங்கேதான் தொடங்குகிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு இரண்டிலும் யார் வேண்டுமானாலும் சேரலாம், காசு கிடையாது.

அடுத்த படி ஆமை. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் சென்னைக் கடற்கரையில் முட்டையிடும் பருவத்தில் இரவு நடை நடத்துகிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கி.மீ. மணலில் நடந்து, பங்குனி ஆமையின் தடம் தேடி, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள். கரையொதுங்கிய இறந்த ஆமைகளையும் எண்ணுகிறார்கள். 2025 ஜனவரியில் சென்னைப் பக்கக் கரையில் ஆயிரத்துக்கும் மேல் ஆமைகள் செத்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. கரையில் இறங்கி எண்ணிய ஆட்கள் இல்லாவிட்டால் அது 'கொஞ்சம் ஆமை செத்துப்போச்சாம்' என்ற பேச்சோடு நின்றிருக்கும்.

அம்பத்தூர், ஆவடிக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: நடை முடிய விடிகாலை ஆகும். போகும்போது மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து பறக்கும் ரயிலில் திருவான்மியூர் வரை போய்விடலாம். திரும்புவதற்குக் காலை முதல் ரயில்தான். பூந்தமல்லிக்காரர்கள் பேருந்தில் போகலாம். வெள்ளை டார்ச் வேண்டாம், ஆமைக்கு ஆகாது. குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள்.