காற்றை நிறுக்கும் கம்பி

நுழையும்முன்

காற்றுக்கும் எடை உண்டு. அவ்வெடையை நொடிக்கு நொடி கணக்கிட்டே இன்றைய பெட்ரோல் கார்கள் தமக்கு வேண்டிய எரிபொருளை அளந்துகொள்கின்றன. மிகுவேகத்திற்காக ஓர் இயந்திரத்தை மாற்றியமைக்கும்போது அந்த அளவை பிழைபடுவது உண்டு. அப்பிழையைக் கண்டறிந்து நேர்செய்யும் கலையே அளவுத்திருத்தம். அது குறித்து விளக்குகிறது இப்பாடம்.

சோழவரத்து ஓடுபாதை

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் வடக்குப் பெருஞ்சாலையில், செங்குன்றத்தைக் கடந்ததும் வருவது சோழவரம். திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரை ஏரியால் அறிந்தவர் பலர். கார்ப் பந்தயத்தால் அறிந்தவர் சிலர். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று இங்கு இருந்தது. 1953ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அவ்வோடுபாதையிலேயே பல ஆண்டுகள் பந்தயங்களை நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தடம் திறக்கப்பட்டபின் சோழவரத்தின் ஆரவாரம் அடங்கியது.

அக்காலக் கார்களில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து தந்தது கார்புரேட்டர். கலவை சரியாக உள்ளதா என்பதை அறிய மெக்கானிக்குகள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்தனர். வெளிர்பழுப்பு என்றால் கலவை சரி. கரி படிந்திருந்தால் எரிபொருள் மிகுதி. வெளுத்திருந்தால் எரிபொருள் குறைவு. கண்ணே அங்கு அளவுகோல். பின்னாளில் அப்பணியைக் கட்டுப்பாட்டுக் கணினி ஏற்றது. அதற்குக் கண்ணில்லை, உணரிகள் கூறுவதையே அது நம்புகிறது.

ஏன் நிறுக்க வேண்டும்?

தூய பெட்ரோல் ஒரு கிராம் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. முழு ஆற்றலை வேண்டும்போது எரிபொருளைச் சற்றுக் கூட்டி, இவ்விகிதத்தை 12.5 அளவிற்குக் குறைப்பர். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இவ்வெண்கள் சற்றுக் குறையும். எவ்வாறாயினும் இது எடை விகிதமே அன்றிக் கனஅளவு விகிதம் அன்று.

எடுத்துக்காட்டாக, 1.5 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு இயந்திரம் ஒன்று நிமிடத்திற்கு 6000 சுற்றுகள் சுழல்வதாகக் கொள்வோம். அது இரண்டு சுற்றுகளுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக் காற்றை உள்ளிழுக்கும். உருளைகள் முழுமையாக நிரம்பினால் நொடிக்கு 75 லிட்டர் காற்று உட்செல்லும். மார்கழி விடியலில், 20 டிகிரி செல்சியசில், அக்காற்றின் நிறை ஏறத்தாழ 90 கிராம். கத்திரி வெயிலில், 40 டிகிரியில், அதே 75 லிட்டர் 85 கிராம் அளவே இருக்கும். கனஅளவு மாறவில்லை, நிறை மாறிவிட்டது. எனவேதான் காற்றை முகந்து அளப்பது போதாது. நிறுத்து அளக்க வேண்டும்.

கம்பி எவ்வாறு நிறுக்கிறது?

பணிமனைகளில் 'மாஃப் சென்சார்' எனப்படும் காற்று நிறை உணரி, காற்று வடிகட்டிக்கு அடுத்துள்ள குழாயில் அமைந்திருக்கும். அதனுள் மெல்லிய பிளாட்டினக் கம்பியோ, அதனையொத்த மென்படலமோ உண்டு. மின்னோட்டத்தால் அது சூடேற்றப்பட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குறித்த அளவு மிகுந்த வெப்பநிலையில் வைக்கப்படுகிறது. காற்று பாயும்போது கம்பி குளிரும். குளிர்ந்ததை ஈடுசெய்ய மின்னோட்டம் கூடும். மிகுதியான காற்று, மிகுதியான குளிர்ச்சி, மிகுதியான மின்னோட்டம். சூடான சோற்றை விசிறியால் ஆற்றுவதும் இதே இயல்பினால்தான்.

கம்பி உண்மையில் காற்றை நிறுப்பதில்லை. தான் இழந்த வெப்பத்தை மட்டுமே மின்னழுத்தமாகத் தெரிவிக்கிறது. 'இத்தனை வோல்ட் என்றால் நொடிக்கு இத்தனை கிராம் காற்று' என்னும் அட்டவணை ஒன்று கணினியின் நினைவகத்தில் உள்ளது. அதனைக் கொண்டே மின்னழுத்தம் நிறையாகப் பொருள்கொள்ளப்படுகிறது. காற்றும் மின்னழுத்தமும் சமவீதத்தில் உயர்வதில்லை. காற்று மிகமிக, மின்னழுத்தத்தின் உயர்வு சுருங்கிக்கொண்டே செல்லும். ஆகவே உயர்வேகத்தில் மின்னழுத்தத்தில் நேரும் சிறு பிழையும் நிறையில் பெரும்பிழையாகும்.

தெரிந்து தெளிவோம்

சூடான கம்பி பாய்மத்தில் இழக்கும் வெப்பத்திற்கும் அப்பாய்மத்தின் வேகத்திற்கும் உள்ள தொடர்பை 1914இல் ஆராய்ந்து வெளியிட்டவர், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக இயற்பியலாளர் லூயி வெசோ கிங். அவ்வெப்ப இழப்பு, வேகத்தின் வர்க்கமூலத்தையொட்டி உயர்வதை அவர் காட்டினார். இது 'கிங் விதி' எனப்படுகிறது.

குழாய் மாறினால் மொழி மாறும்

1998 முதல் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் கார்கள் உருவாக்கப்பட்டன. எந்த ஆலையிலிருந்து வெளிவரும் காராயினும், அதன் அட்டவணை அந்தக் காரின் குழாய்க்கென வகுக்கப்பட்டதேயாகும். பந்தயத்திற்காகக் காரை மாற்றுவோர் காற்று தடையின்றிப் பாய அகன்ற குழாயைப் பொருத்துவர். உணரியையும் அக்குழாயில் செருகுவர். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

60 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயை நீக்கி 70 மில்லிமீட்டர் குழாயைப் பொருத்தியதாகக் கொள்வோம். குறுக்குவெட்டுப் பரப்புகளின் விகிதம் 36க்கு 49. கம்பியைக் கடக்கும் வேகம் முன்போலவே இருந்தால் மின்னழுத்தமும் முன்போலவே இருக்கும். கணினி 36 பங்கு காற்று வந்ததாக எண்ணும். வந்ததோ 49 பங்கு. 12.5 என்னும் விகிதத்தைக் கருதி அது தெளிக்கும் பெட்ரோல், உண்மையில் 17 என்னும் விகிதத்தைத் தரும். முழு விசையில் இத்தகைய வறண்ட கலவை இயந்திரத்திற்குப் பெருங்கேடு.

மென்வேகத்தில் இக்கேடு வெளிப்படாது. புகைபோக்கியிலுள்ள ஆக்சிஜன் உணரியின் துணைகொண்டு கணினி ஓரளவு தன்னைத் திருத்திக்கொள்ளும். முழு விசையில் பெரும்பாலான கார்கள் அத்திருத்தத்தை நாடுவதில்லை. அட்டவணையை மட்டுமே நம்புகின்றன. தெருமுனைவரை நன்றாக ஓடிய கார் பந்தயத்தடத்தில் பழுதாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆடவல்லானும் இராசகேசரியும்

அளவுத்திருத்தம் நமக்குப் புதிதன்று. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள், 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் நெல் அளக்கப்பட்டதைக் குறிக்கின்றன. அம்மரக்கால் 'இராசகேசரி' என்னும் அளவோடு ஒத்தது என்பதையும் சேர்த்தே பொறித்துள்ளனர். புழக்கத்திலுள்ள அளவையை நம்பத்தக்க மற்றோர் அளவையோடு ஒப்பிட்டு உறுதிசெய்வதே அளவுத்திருத்தத்தின் சாரம். மளிகைக்கடைத் தராசில் முத்திரை ஆய்வாளர் இடும் முத்திரையும் அவ்வுறுதியின் அடையாளமே. காற்று நிறை உணரி ஆடவல்லான் என்றால், அதற்குரிய இராசகேசரி எது?

திருத்தும் முறை

காற்றோட்ட ஆய்வகத்தில், அளவறிந்த காற்றைச் செலுத்தி ஒப்பிடுவது ஒரு முறை. பணிமனைகளில் பெரிதும் கையாளப்படுவது மற்றொன்று. எரிந்து வெளியேறும் புகையை அகல்நெடுக்க ஆக்சிஜன் உணரியால் ஆய்ந்து, உள்ளே சென்ற காற்றைக் கணக்கிடுவதே அம்முறை.

முதலில், பிழையின் பிற வாயில்களை அடைக்க வேண்டும். உணரிக்குப் பின்னுள்ள குழாயில் கசிவு இருந்தால் நிறுக்கப்படாத காற்று உட்புகும். எண்ணெய் தடவிய வடிகட்டியிலிருந்து பறந்துவரும் துளிகள் கம்பியில் படிந்தால் அளவு பிறழும். எரிபொருள் அழுத்தமும் தெளிப்பான்களும் சீராக இருத்தல் வேண்டும். உணரி, வளைவுகளிலிருந்து விலகிக் காற்று நேராகப் பாயும் பகுதியில் அமைய வேண்டும்.

அடுத்து, காரை டைனமோமீட்டரின் உருளைகள்மேல் நிறுத்தி, ஆக்சிஜன் உணரியின் உடனடித் திருத்தத்தை நிறுத்திவைத்து, ஒவ்வொரு மின்னழுத்த நிலையிலும் சீராக இயக்கிப் பதிவுசெய்வர். ஓரிடத்தில் கணினி கோரிய விகிதம் 12.5, அளந்தறிந்த விகிதம் 13.75 எனில், காற்று 1.1 மடங்கு கூடுதலாக வந்துள்ளது என்பது பொருள். அவ்விடத்தில் அட்டவணை 80 கிராம் எனக் கூறினால் அதனை 88 கிராமாகத் திருத்த வேண்டும். குறைந்த விசையில் தொடங்கி, படிப்படியாகவே மேலேறுவர். இறுதியில் எண்களை மேடுபள்ளமற்ற வளைகோடாக்கி, மீண்டும் ஓட்டிச் சரிபார்ப்பர்.

மறைக்கப்படும் பிழை

இதைவிட எளிய குறுக்குவழி ஒன்று உண்டு. அட்டவணையைத் தொடாமல், எரிபொருளை மட்டும் கூட்டிவிட்டால் புகை ஆய்வில் விகிதம் சரியாகவே தோன்றும். ஆனால் கணினி காற்றின் நிறையை எரிபொருளுக்கு மட்டும் பயன்படுத்துவதில்லை. தீப்பொறி எப்போது எழ வேண்டும் என்பதையும் அதனைக் கொண்டே முடிவுசெய்கிறது. காற்று குறைவு என்று நம்பும் கணினி, இயந்திரத்தின் சுமையும் குறைவு என்று கருதித் தீப்பொறியை உரிய நேரத்திற்கு முன்பே எழுப்பும். உருளையினுள் எஞ்சிய கலவை தானே வெடித்துத் தட்டலோசை எழும். தட்டல் தொடர்ந்தால் பிஸ்டனின் தலை உருகித் துளைபடவும் கூடும். விடையைத் திருத்தி, அளவையைத் திருத்தாமல் விட்டதன் விளைவு இது.

இப்பணி பந்தயத்தடத்திற்குரியது. தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து காரைத் தம் விருப்பம்போல் மாற்றிப் பொதுச்சாலையில் ஓட்டுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தடைசெய்கிறது. ஆயினும் இதன் பாடம் எல்லார்க்கும் உரியது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் எடைமேடையாயினும், உலையின் வெப்பமானியாயினும், காரின் உணரியாயினும், கருவி காட்டும் எண் தன்னளவில் உண்மையாகிவிடாது. எதனோடு ஒப்பிட்டு, எந்த நிலையில் அது உறுதிசெய்யப்பட்டது என்பதும் சேர்ந்தே உண்மையாகிறது. நிலை மாறினால் மீண்டும் ஒப்பிட வேண்டும். மாற்றியவருக்கே அந்தப் பொறுப்பு.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர்க் கடைகளிலுள்ள தராசுகளில் முத்திரை எங்கு, எவ்வாறு இடப்பட்டுள்ளது என்பதைக் கண்டறிந்து குறிப்பெழுதுக.
2. அருகிலுள்ள பணிமனைக்குச் சென்று, அங்குள்ளோர் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்து, அவற்றிற்கு ஏற்ற தமிழ்ச்சொற்களை வகுப்பில் கலந்துரையாடுக.
3. 'அளவை பிழைத்தால் அனைத்தும் பிழைக்கும்' என்னும் தலைப்பில் உரையொன்று நிகழ்த்துக.