கடைக்கு வராத புதினம்: ராடிகல் ட்ரீமர்ஸும் சாட்டெல்லாவியூவும்

வீடியோ விளையாட்டுகளின் வரலாற்றில், அட்டைப் பெட்டியோ கையேடோ விலைச்சீட்டோ இல்லாமல், வெளிவந்த காலத்தில் எந்தக் கடையின் அலமாரியிலும் ஒருநாள்கூட அமராமல், விண்ணிலிருந்து வந்த அலைகளின் வழியே மட்டும் வாசகரை அடைந்த புதினம் ஒன்று உண்டு. ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் நிண்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் பொறிக்காக உருவாக்கி 1996 பிப்ரவரி 3 அன்று ஒலிபரப்பில் வெளியிட்ட 'ராடிகல் ட்ரீமர்ஸ்' என்பதே அது. அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்து, காலப்பயணக் கதையால் உலகப் புகழ் பெற்ற 'க்ரோனோ ட்ரிக்கர்' விளையாட்டின் கதை முடிவுபெறாமல் விட்ட ஓர் இழையை அது எடுத்துக்கொண்டது. ஆயினும் முன்னதைப் போல வரைபடங்களும் போர்க்களங்களும் நிறைந்த விளையாட்டாக இல்லாமல், திரையில் ஓடும் எழுத்தைப் படித்து, இடையிடையே வரும் தெரிவுகளில் ஒன்றைத் தேர்ந்து கதையைத் தானே திருப்பிக்கொண்டு போகும் வகையைச் சேர்ந்ததாக, அதாவது விஷுவல் நாவல் எனப்படும் காட்சிப் புதினமாக அது அமைந்தது. 26 ஆண்டுகள் அதன் அதிகாரப்பூர்வ மொழி ஜப்பானியம் ஒன்றே.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு ஜப்பானிய விளையாட்டுகள் அந்நியமானவை அல்ல. தைவானில் தயாரான மைக்ரோ ஜீனியஸ் பொறி, நிண்டெண்டோவின் முந்தைய பொறியான ஃபாமிகாமின் 60 முனைக் கேசட்டுகளை அப்படியே ஏற்றுக்கொண்டதால், ஜப்பானியச் சந்தைக்கென அச்சான விளையாட்டுகளும் அவற்றின் நகல்களும் மலேசிய வீடுகளுக்குள் தடையின்றி நுழைந்தன. ஓடுவதும் தாவுவதும் சுடுவதும் மொழி கேட்பதில்லை. எழுத்தே விளையாட்டாக இருந்த கேசட்டுகளோ முதல் பக்கத்திலேயே கைவிடப்பட்டன. அப்படிக் கைவிடப்படும் வாய்ப்புக்கூட ராடிகல் ட்ரீமர்ஸுக்குக் கிட்டவில்லை, ஏனெனில் கைமாறுவதற்கு அதற்கென ஒரு கேசட்டே அச்சிடப்படவில்லை. இதில் ஒரு காலப் பொருத்தம் கவனிக்கத்தக்கது. அதே 1996 ஜனவரியில்தான் மலேசியாவின் முதல் செயற்கைக்கோளான மீசாட்-1 ஏவப்பட்டது. அவ்வாண்டிலேயே ஆஸ்ட்ரோவின் தட்டு அலைவாங்கிகள் கூரைகளில் ஏறத் தொடங்கி, வானவில் அலைவரிசை தமிழ்க் குடும்பங்களின் கூடத்துக்கு வந்தது. மாலை மழை கனத்ததும் திரை உறைந்து படம் மறைவதை டெங்கில் வாசிகள் எல்லாரும் அறிவர். அவர்களுக்கு அடுத்திருக்கும் சைபர்ஜெயாவில் இன்று மீசாட்டின் தரைநிலையமே இயங்குகிறது. எனவே செயற்கைக்கோள் அலை எத்தகையது என்பதை இங்கு விளக்க வேண்டியதில்லை. அந்த அலையில் படத்துக்குப் பதிலாக விளையாட்டை ஏற்றி அனுப்பியது எவ்வாறு என்பதைச் சொன்னால் போதும்.

ஜப்பானில் செயின்ட் கிகா என்றொரு செயற்கைக்கோள் வானொலி நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் இயங்கியது. கடலின் ஏற்ற இறக்கத்தை ஒட்டி இசையையும் இயற்கை ஒலிகளையும் வரிசைப்படுத்தி, விளம்பரமின்றி ஒலிபரப்பிய அந்நிலையம், புகழ் சேர்த்த அளவுக்குப் பணம் சேர்க்கவில்லை. நிண்டெண்டோ அதில் பங்கு வாங்கி, அதன் அலைவரிசையின் ஒரு பகுதியை விளையாட்டுத் தரவுகளை அனுப்பப் பயன்படுத்திக்கொண்டது. 1995 ஏப்ரல் 23 அன்று தொடங்கிய இச்சேவைக்குச் சாட்டெல்லாவியூ என்று பெயர். சூப்பர் ஃபாமிகாமின் அடிப்பகுதியில் வெறுமையாகக் கிடந்த இணைப்புத் துளையில் ஒரு மோடத்தைப் பொருத்தி, அதைச் செயற்கைக்கோள் வாங்கியோடு இணைத்து, மேலே ஒரு தனிக் கேசட்டைச் செருகினால், திரையில் ஒரு சிற்றூர் தோன்றும். அவ்வூரின் ஒவ்வொரு கட்டடமும் ஒவ்வோர் அலைவரிசை ஆதலால், பயனர் தம் பாத்திரத்தை நடத்திக்கொண்டு போய் ஒரு கதவைத் திறந்தால் அன்றைய விளையாட்டோ மின்னிதழோ இறங்கத் தொடங்கும். பட்டியலைக் காட்டினால் போதும் என்று நினைக்காமல், பட்டியலையே ஊராக்கி அதற்கும் ஒரு கதை எழுதிச் சேர்த்த அந்தச் சிரத்தை பாராட்டுக்குரியது. இறங்கிய தரவு, 8 மெகாபிட் கொள்ளளவு கொண்ட, அழித்து அழித்து எழுதத்தக்க ஒரு நினைவகப் பேழையில் தங்கும். 8 மெகாபிட் என்பது ஒரே ஒரு மெகாபைட். இன்றைய கைப்பேசி எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அது போதாது. புதிய விளையாட்டு வேண்டுமென்றால் பழையதை அழிக்க வேண்டும். சில விளையாட்டுகள் குறிப்பிட்ட தடவைகளுக்கு மேல் தொடங்கவும் மாட்டா.

ராடிகல் ட்ரீமர்ஸ் காட்சிப் புதினமாக அமைந்ததற்கு இந்தக் குறுகலும் ஒரு காரணம் எனலாம். மூன்று மாத அளவிலான குறுகிய காலத்தில், ஒரு மெகாபைட்டுக்குள், பெரும் விளையாட்டொன்றின் தொடர்ச்சியைச் சொல்ல வேண்டுமென்றால் எழுத்தைவிடச் சிக்கனமான கருவி வேறில்லை. கதையை எழுதி இயக்கிய மசாதோ காத்தோ, செர்ஜ், கிட், மாகில் என்ற மூன்று திருடர்களை ஒரே இரவில் ஒரே மாளிகைக்குள் அனுப்புகிறார். அவர்கள் தேடிச் செல்வது 'உறைந்த சுடர்' என்னும் மாயக்கல். இருண்ட நடைபாதைகள், எங்கோ கேட்கும் காலடி ஓசை, அரைகுறையாகத் தெரியும் படங்கள், யசுனோரி மித்சுதாவின் தணிந்த இசை ஆகியவற்றைக் கொண்டே அச்சமும் எதிர்பார்ப்பும் கட்டப்படுகின்றன. சில தெரிவுகளுக்குக் கால எல்லை உண்டு. தயங்கி நிற்பவருக்கு அடி விழும். செர்ஜின் உடல்வலுவையும், கிட் அவன்மீது கொள்ளும் பரிவையும் பொறி மறைவாகக் கணக்கிட்டுக்கொண்டே வருவதால், ஒரே கேள்விக்கு ஒரே விடையைச் சொன்னவர்களும் ஒரே முடிவுக்குப் போவதில்லை. முதன்மைக் கதையை ஒருமுறை முடித்தவருக்கு வேறு கதைப்போக்குகள் திறக்கின்றன. அவற்றில் ஒன்று இராட்சத இயந்திரப் படைக்கலத்தை நடுவில் நிறுத்தி அறிவியல் புனைகதை மரபையே கேலி செய்கிறது. முதற்கதையின் துயரத்தைப் படித்து முடித்தவருக்கு அந்தக் கேலி சற்றே அதிகப்படியாகத் தோன்றக்கூடும்.

சாட்டெல்லாவியூவின் எல்லா விந்தைகளுள்ளும் தலையாயது, சவுண்ட்லிங்க் எனப்பட்ட முறை. ராடிகல் ட்ரீமர்ஸ் அம்முறையில் அமைந்ததன்று. பேழையில் இறக்கிக்கொண்டு வேண்டியபோது படிக்கத்தக்கது. எனினும் ஒலிபரப்பு விளையாட்டு என்பதன் முழுப்பொருள் சவுண்ட்லிங்கில்தான் வெளிப்பட்டது. மனிதக் குரலையும் முழு வாத்தியக் குழுவின் இசையையும் ஒரு மெகாபைட்டில் அடைக்க இயலாது என்பதால், விளையாட்டின் உடலை மட்டும் பேழைக்கு அனுப்பிவிட்டு, அதன் குரலைச் செயின்ட் கிகா குறித்த நேரத்தில் வானொலியாகவே ஒலிபரப்பியது. பொறிக்குள் ஓடும் கடிகாரம் ஒலிபரப்பின் கடிகாரத்தோடு இணைந்திருக்கும். கதைசொல்லி ஒரு தேவதையின் வருகையை அறிவிக்கும் அதே நிமிடத்தில் திரையிலும் அவளது உதவி வந்துசேரும். ஒலிபரப்பு முடியும்போது விளையாட்டும் முடியும். 1995 ஆகஸ்ட் 6 முதல் வாரம் ஒன்றாக நான்கு பகுதிகளாக வந்த செல்டா விளையாட்டு இம்முறையின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. வானொலி நாடகத்துக்காக வீட்டு வேலைகளை ஒதுக்கிவைத்துக் காத்திருந்த குடும்பங்கள், அந்த நேரத்தைத் தவறவிட்டால் பக்கத்து வீட்டாரிடம் கதையைக் கேட்டுத் தெரிந்துகொண்டதைப் போன்றதே இதுவும். இங்கோ, தவறவிட்டவர் பிறரிடம் கதையைக் கேட்கலாமே தவிர, விளையாடிய அனுபவத்தைக் கேட்டுப் பெற முடியாது. பல்லாயிரம் வீடுகளில் பல்லாயிரம் பேர் ஒரே நொடியில் ஒரே குரலைக் கேட்டபடி, ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் வழியில் அலைந்த அந்த ஒரு மணி நேரம், இணையவழி விளையாட்டு இன்று எட்டிய எந்த உயரத்துக்கும் குறைந்ததன்று. அந்தக் குரலோ பேழையில் தங்கவில்லை. அது இன்று மிஞ்சியிருப்பது, அந்நேரத்தில் யாரோ தம் வீட்டு நாடாவில் பதிந்துவைத்த அளவுக்கு மட்டுமே.

சந்தாதாரர்கள் உச்ச காலத்திலும் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டினர். நிண்டெண்டோவுக்கும் செயின்ட் கிகாவுக்கும் உறவு முறிந்து, புதிய விளையாட்டுகளின் வரவு நின்று, 2000 ஜூன் 30 அன்று சேவை மூடப்பட்டது. அதன்பின் இந்த விளையாட்டுகள் எங்கே இருந்தன என்ற கேள்விக்கு விடை எளிது. அழிக்க மறந்தவர்களின் மேசை இழுப்பறைகளில் இருந்தன. பழைய பேழைகளை ஏலத்தில் வாங்கி, ஒவ்வொன்றிலும் கடைசியாக எது தங்கியிருக்கிறது என்று பார்த்து, அதைக் கணினிக்கு மாற்றிய ஆர்வலர்களின் உழைப்பால்தான் அவற்றில் பல மீண்டன. செல்டாவின் ஒலிப்பகுதிகளைக்கூட வீட்டுப் பதிவுகளிலிருந்து தேடி எடுத்து மீண்டும் இணைத்துப் பார்த்தவர்கள் உண்டு. ராடிகல் ட்ரீமர்ஸும் அவ்வாறே மீட்கப்பட்டு, 2003இல் டெமிஃபோர்ஸ் என்னும் தன்னார்வக் குழுவால் ஆங்கிலத்துக்குப் பெயர்க்கப்பட்டது. உரிமையாளரின் இசைவின்றி நடந்த பணி என்பதை மறைக்க வேண்டியதில்லை. அப்பணி நடந்திராவிட்டால் ஜப்பானுக்கு வெளியே இப்புதினத்தைப் படித்தவர் அரிது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. காத்தோவே இப்படைப்பில் நிறைவு கொள்ளாமல், க்ரோனோ ட்ரிக்கரின் பிளேஸ்டேஷன் பதிப்பில் இதை மறைபொருளாகச் சேர்க்க எழுந்த திட்டத்தைத் தடுத்தார். செர்ஜையும் கிட்டையும் உறைந்த சுடரையும் எடுத்துக்கொண்டு 1999இல் 'க்ரோனோ க்ராஸ்' என்ற பெரிய விளையாட்டை உருவாக்கினார். அதன் புதுப்பதிப்போடு சேர்ந்து, 2022 ஏப்ரல் 7 அன்றுதான் ராடிகல் ட்ரீமர்ஸ் முதன்முறையாக விலைக்கு வந்தது, அதிகாரப்பூர்வ ஆங்கிலத்திலும் வந்தது. ஆசிரியருக்கே பிடிக்காத படைப்பைக் காப்பாற்ற வேண்டுமா என்று கேட்போருக்கு, காப்பாற்றியதால்தான் அது பிடிக்கத்தக்கதா என்று பிறர் தாமே தீர்மானிக்க முடிந்தது என்பதே மறுமொழி.

ஜப்பானின் தேசிய டயட் நூலகம் வட்டு, கேசட் போன்ற வடிவில் விற்பனையாகும் மின்வெளியீடுகளைச் சட்டப்படி பெற்றுச் சேமிக்கத் தொடங்கியது 2000 அக்டோபரில். சாட்டெல்லாவியூ மூடி மூன்று மாதம் கழிந்திருந்தது. மூடாதிருந்தாலும், பெட்டியில் விற்காத பொருள் அவ்விதிக்குள் வந்திராது. மலேசியாவிலும் 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் அச்சு நூல்களோடு அச்சல்லாதவற்றையும் தேசிய நூலகத்துக்கு ஒப்படைக்கக் கோருகிறது. ஆயினும் ஒலிபரப்பாகிக் காற்றில் போனவற்றுக்குப் பல வேளைகளில் சட்டத்தைவிடக் கேட்டவரின் கையே உறுதியான காப்பகமாக இருந்துவருகிறது. பெராங் புசார் தோட்டம் புத்ராஜெயாவாக மாறியபோது அங்கிருந்து பெயர்ந்து டெங்கிலின் தாமான் பெர்மாத்தாவுக்கு வந்த குடும்பங்களைப் போல, இடம் மாறிய ஒவ்வொரு குடும்பமும் மூட்டை கட்டும்போது முதலில் கழிப்பவை பழைய கேசட்டுகளும் பழுதான பொறிகளும்தான். அது இயல்பே, வீட்டில் இடம் குறைவு. கழிப்பதற்கு முன் அவற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் வழக்கம் மட்டும் வேண்டும்.

மலேசிய வானொலியின் தமிழ் நாடகங்களையோ வானவில்லின் தொடக்க கால நிகழ்ச்சிகளையோ பதிந்த நாடாக்களை வைத்திருப்போர், அவை பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொள்ளும் முன் கணினிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஈரப்பதம் மிகுந்த இந்த மண்ணில் காந்த நாடாவின் ஆயுள் குறைவு. மாற்றிய பின்னும் மூல நாடாவை எறியாமல், எந்த நாளில் எந்த நிலையத்திலிருந்து பதிந்தது என்பதை உறைமேல் எழுதி, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வைத்தல் நலம்.