தாதியாக வர விரும்பும் பிள்ளையும் அவளைத் தாங்கவேண்டிய வீடும்

சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகளிடம், "இனி என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டால், பலர் சொல்லும் விடை, "நேர்ஸாக வரப் போறம்" என்பதுதான். இதில் வியப்பில்லை. இடம்பெயர்ந்து திரிந்த காலங்களில் எமது மக்களுக்கு மிக அருகில் நின்ற அரச ஊழியர்களுள் தாதியரும் அடங்குவர். காயத்துக்கு மருந்து கட்டியவர்களும், காய்ச்சல்கார விடுதியில் இரவிரவாக விழித்திருந்தவர்களும் அவர்களே. காணியும் கிணறும் கைவிட்டுப்போன ஒரு குடும்பத்துக்கு, மழையையும் சந்தை விலையையும் நம்பியிராத மாதச் சம்பளம் ஒன்று எவ்வளவு பெரிது என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை.

எனினும் ஆசைப்பட்ட பிள்ளைகளுள் பலர் அந்த வாசலை எட்டுவதில்லை. திறமைக் குறைவு மட்டும் இதற்குக் காரணமல்ல. வீடு பிந்தி முடிவெடுப்பதே பெரும்பாலும் காரணமாகின்றது. விண்ணப்பம் கோரப்பட்டதும் ஓடித்திரிகின்றோம். ஆனால் முடிவெடுக்கவேண்டிய மாதம் அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே கழிந்துவிடுகின்றது. நாற்றுமேடை போடாமல் நடுகைக்கு ஆள் பிடிப்பதைப் போன்றது இது. ஆகவே இந்த ஆயத்தம் எங்கே தொடங்குகின்றது, அதில் வீட்டார் செய்யவேண்டியது என்ன என்பவற்றை இங்கு பார்ப்போம்.

வாசல் எங்கே?

அரச தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் சுகாதார அமைச்சின் கீழ் இயங்குகின்றன. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு ஆகிய இடங்களிலும் இவை உள்ளன. பயிற்சி 3 வருடங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. பயிற்சிக் காலத்தில் மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு. பயிற்சி முடிந்தபின் குறித்த காலம் அரச சேவையில் பணியாற்றுவதாக ஒப்பந்தம் செய்யவேண்டும். ஆண்பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம்.

மற்றொரு வாசல் பல்கலைக்கழகம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் 4 வருடத் தாதியப் பட்டப்படிப்பு உண்டு. இதற்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் ஊடாக விண்ணப்பிக்கவேண்டும்.

இரண்டு வாசல்களுக்கும் அடிப்படை ஒன்றே: உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களில் சித்தி. உயிரியல், இரசாயனம், பௌதிகம் போன்ற பாடங்களைப் படித்திராத பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் இந்த வாசல்களுக்குள் நுழைய முடியாது. சாதாரணதரத்தில் தமிழ், கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களின் பெறுபேறும் பார்க்கப்படும்.

முடிவெடுக்கும் மாதம்

இங்கேதான் கிராமத்துப் பிள்ளை இடறுகின்றாள். அரச பாடசாலைகளுள் 1ஏபி தரப் பாடசாலைகளில் மட்டுமே உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டு. 1சி தரப் பாடசாலைகளில் கலை, வர்த்தகப் பிரிவுகளே உள்ளன. இரண்டாம் தரப் பாடசாலை 11ஆம் வகுப்புடன் நின்றுவிடும். உங்கள் கிராமத்துப் பாடசாலை எந்தத் தரம் என்பதை அதிபரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அருகில் 1ஏபி பாடசாலை இல்லையெனில், பெற்றோர் பலர், "பக்கத்துப் பாடசாலையில் கலைப்பிரிவு படிக்கட்டும், பிறகு நேர்ஸ் வேலைக்குப் போடலாம்" என்று எண்ணுகின்றனர். அந்த இடத்திலேயே கதவு மூடப்படுகின்றது. வீட்டில் எவரும் அதை அறிவதுமில்லை. எனவே சாதாரணதரப் பெறுபேறு வரும்வரை காத்திராமல், பிள்ளை 10ஆம் வகுப்பில் இருக்கும்போதே விஞ்ஞான, கணித ஆசிரியர்களைக் கண்டு, "இவளால் விஞ்ஞானப் பிரிவு படிக்க முடியுமா?" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். முடியும் என்றால், பட்டணப் பாடசாலைக்குப் போகும் பஸ், தங்கக்கூடிய உறவினர் வீடு, பாடசாலை விடுதி ஆகியவற்றை அப்போதே விசாரித்து வைக்கவேண்டும். முடியாது என்று ஆசிரியர் சொன்னால், பிள்ளையை வற்புறுத்தி இரண்டு வருடங்களை வீணாக்காதீர்கள். அவளுக்கு ஏற்ற வேறு வழியைத் தேடுங்கள்.

வேலையைப் பங்கிடுதல்

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தகப்பன் குத்தகைக் காணியில் வெங்காயம் செய்கின்றார். மற்ற நாட்களில் கூலிக்குப் போகின்றார். தாய் தோட்டத்திலும் அடுப்படியிலும் நிற்கின்றார். மூத்த மகள் உயர்தரம் படிக்கின்றாள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு தம்பி, நாலாம் வகுப்பில் ஒரு தங்கை. தண்ணீர் அள்ளுவதும், தங்கையை வெளிக்கிடுத்துவதும், பின்னேரம் களை பிடுங்குவதும், இரவுச் சமையலும் மகளின் தலையில். அவள் புத்தகத்தைத் திறக்கும்போது ஒன்பது மணி ஆகிவிடுகின்றது.

அவள் வேலையே செய்யக்கூடாது என்று நாம் கூறவில்லை. ஒரு கிழமைக்குரிய வீட்டு வேலைகளை ஒரு தாளில் எழுதி, யார் யார் செய்கின்றனர் என்று குறித்துப் பாருங்கள். தம்பியின் பெயர் எத்தனை இடத்தில் வருகின்றது? தண்ணீரும் தங்கையும் அவனுக்குரிய வேலைகளாகலாம். காலைச் சமையலில் மகள் தாய்க்கு உதவட்டும். மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை அவளைக் கூப்பிடாதிருங்கள்.

உயர்தரப் பரீட்சை 2024, 2025ஆம் ஆண்டுகளில் நவம்பரில் ஆரம்பித்தது. கடைசி மூன்று மாதப் படிப்பு காலபோக விதைப்போடும் களையெடுப்போடும் சேர்ந்து வருகின்றது. அந்த நாட்களுக்கு ஒரு கூலியாளின் செலவை முன்கூட்டியே ஒதுக்குங்கள். அதற்கும் வசதி இல்லையெனில், அயலவரோடு வேலையை மாறிமாறிச் செய்யுங்கள்: இன்று அவர்களின் வயலில் நாம், நாளை எமது வயலில் அவர்கள்.

பணம்

அரச பாடசாலையில் கட்டணம் இல்லை. செலவு பஸ்சிலும், புத்தகத்திலும், சாப்பாட்டிலும், எல்லாவற்றுக்கும் மேலாக ரியூசனிலும் போகின்றது. இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்களில் மாணவர் பருவச்சீட்டு உண்டு, அதை எடுத்துக்கொடுங்கள். மூன்று பாடத்துக்கும் ரியூசன் என்று ஓடாமல், எந்தப் பாடத்தில் பிள்ளை பின்தங்கியிருக்கின்றாளோ அதற்கு மட்டும் அனுப்புங்கள்.

மாதச் செலவு 6,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், 24 மாதங்களுக்கு 144,000 ரூபா. மொத்தமாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஒவ்வொரு அறுவடையிலும் ஒரு பங்கு, முட்டை விற்ற காசு, தவணைக்கு ஏற்றபடி எடுக்கும் சீட்டு என்று பிரித்துப் பார்த்தால் ஒரு வழி தெரியும். சிக்கன கடனுதவிச் சங்கத்தில் பிள்ளையின் பெயரால் ஒரு சேமிப்பைத் தொடங்கலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கிழமைதோறும் தவணை கட்டும் நுண்கடனை எடுத்துப் படிப்புக்குச் செலவிடாதீர்கள். கோழி வளர்க்க எடுத்த கடன் சில மாதத்தில் காசாகத் திரும்பலாம். படிப்புக்குப் போட்ட காசு திரும்பிவரச் சில வருடங்கள் செல்லும். கடனுக்கு ஆள் வந்து நிற்பதோ அடுத்த கிழமை. இறுதியில் பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்பித்தான் அந்தக் கடன் கட்டப்படும். அடகு வைக்காத நகை ஏதும் மிஞ்சியிருந்தால், பயிற்சிக்குத் தெரிவான நாளுக்கென்று அதை வைத்திருங்கள். சீருடை, சப்பாத்து, பயணம் ஆகியவற்றோடு, முதற் கொடுப்பனவு கைக்கு வரும்வரை சாப்பாட்டுச் செலவும் உண்டு.

காத்திருக்கும் காலம்

உயர்தரம் முடிந்தவுடன் பயிற்சி தொடங்குவதில்லை. எந்தெந்த வருடம் உயர்தரம் எழுதியோர் விண்ணப்பிக்கலாம் என்பது அறிவித்தலில் குறிக்கப்படும். இதற்கு ஓரிரு வருடங்கள் காத்திருக்க நேரலாம். ஆடைத் தொழிற்சாலை பஸ் நாள்தோறும் வாசலால் போகும். பேசிவந்த கல்யாணமும் வாசலில் நிற்கும். வேலைக்குப் போவதில் தவறில்லை. ஆனால் வயதெல்லையையும் திருமணம் பற்றிய நிபந்தனையையும் அறிவித்தலில் வாசித்தபின்னரே கல்யாணத்துக்கு நாள் குறியுங்கள். மணமாகாதவராக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை முன்னைய அறிவித்தல்களில் இருந்ததுண்டு.

இக்காலத்தில் ஆங்கிலமும் சிங்களமும் படிக்கட்டும். மருந்தின் பெயரும் நோயாளியின் குறிப்பேடும் ஆங்கிலத்தில் இருக்கும். 2007 யூலைக்குப் பின் அரச சேவையில் சேர்ந்தோருக்கு இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி கேட்கப்படுகின்றது.

இக்காலத்தில்தான், "ஆறு மாதத்தில் நேர்ஸ் ஆகலாம்" என்ற விளம்பரமும் கண்ணில் படும். அத்தகைய குறுகிய காலச் சான்றிதழ் அரச தாதி நியமனத்துக்கு இட்டுச்செல்லாது. காசு கட்டுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா? இப்பயிற்சிக்குத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உண்டா? எந்த வைத்தியசாலையில் செய்முறைப் பயிற்சி? இடையில் நின்றால் காசு திரும்புமா? விடைகளை எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் தரத் தயங்குபவரிடம் தாலிக்கொடி விற்ற காசைக் கொடுக்காதீர்கள்.

விஞ்ஞானப் பிரிவு படிக்காதவர்களுக்கும் வயது கடந்தவர்களுக்கும் பராமரிப்பாளர், உதவித் தாதி போன்ற பதிவுபெற்ற பயிற்சிகள் உண்டு. அவை மதிப்பான தொழில்கள். ஆனால் அவற்றின் சம்பளமும் பொறுப்பும் வேறு என்பதைத் தெரிந்துகொண்டு சேரவேண்டும்.

பத்திரங்கள்

இடம்பெயர்வில் பெட்டியோடு பத்திரங்களையும் இழந்த குடும்பங்கள் பல. நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தபின் இவற்றைத் தேடினால் நாள் போதாது. பிறப்புச் சான்றிதழின் பிரதிக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். பதிவே கிடைக்காவிடின் உத்தேச வயதுச் சான்றிதழ் பற்றிக் கேளுங்கள். தேசிய அடையாள அட்டையை 15 வயதிலேயே எடுக்கலாம். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பரீட்சைச் சான்றிதழிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் உள்ளதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்துவது எளிது. எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி எடுத்து, ஒரு தொகுதியைத் தண்ணீர் புகாத உறையில் வேறொரு வீட்டில் வைத்திருங்கள்.

அரச வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் தமிழிலும் வெளிவருகின்றது. ஒவ்வொரு வீடும் தனித்தனியே தேடவேண்டியதில்லை. மாதர் சங்கம் படித்த ஒரு பிள்ளையிடம் இப்பொறுப்பைக் கொடுத்து, வர்த்தமானியையும் சுகாதார அமைச்சின் இணையத்தளத்தையும் கிழமைக்கு ஒருமுறை பார்க்கச் செய்யலாம். தாதியர் பயிற்சி, மருத்துவமாது பயிற்சி பற்றிய அறிவித்தல் வந்தவுடன் கூட்டுறவுக் கடைச் சுவரில் ஒட்டலாம். அடுத்த கூட்டத்தில், 10ஆம் வகுப்பில் உள்ள எமது பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுள் விஞ்ஞானம் படிக்கக்கூடியவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். இந்த வேலையை அங்கிருந்தே தொடங்கலாம்.