வழுநீக்கி என்னும் சொல்

கல்லடியில், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்திலே துயில்கின்றார் விபுலாநந்த அடிகளார். 1936ஆம் ஆண்டு சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியருமாவார். 1947 யூலையில் அவர் மறைந்தார். அவ்வாண்டு செப்டெம்பரிலேதான் ஹார்வர்டுக் கணிப்பொறியொன்றில் அகப்பட்ட அந்துப்பூச்சியைக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தனர். பிழையைப் பூச்சி என்னும் ஆங்கில வழக்கோ அதனினும் பழையது, எடிசனே ஆண்டிருக்கிறார்.

நாம் ‘வழுநீக்கி’ என்கிறோம். தொல்காப்பியர் காலந்தொட்டு வழுவை ஆராய்ந்த மொழிக்கு இயல்பான சொல்தான். எனினும் பெயர் சற்றே மிகைபடக் கூறுகிறது. அக்கருவி வழுவை நீக்குவதில்லை. ஓடும் நிரலை இடையில் நிறுத்தி, அக்கணத்தில் மாறிகள் கொண்டுள்ள மதிப்புகளைக் காட்டுகிறது. நீக்குபவர் மனிதரே. கைந்நூல் எழுதுவோர் இதனை முதல் வரியிலேயே உரைத்தல் வேண்டும்.

ஜி.டி.பி. என்னும் வழுநீக்கியில் ‘ஸ்டெப்’, ‘நெக்ஸ்ட்’ என இரு கட்டளைகள் உள. ‘படி’, ‘அடுத்தது’ என்று பெயர்த்துவிட்டால் மாணாக்கனுக்கு என்ன விளங்கும்? இரண்டும் ஒரு வரி முன்னே செல்வனவே. அவ்வரியிலே வேறொரு செயற்கூறு அழைக்கப்படுமாயின், முன்னது அதனுட் புகுந்து முதல் வரியில் நிற்கும். பின்னது அதனை முழுதும் இயக்கிவிட்டு அப்பால் நிற்கும். வாவியைப் பாலத்தின்மேற் கடப்பதற்கும் தோணியில் இறங்குவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. ‘உட்புகு’, ‘கடந்துசெல்’ என்பனவே என் தெரிவு.